அழகான கையெழுத்தில் ஓர் ஆரோக்கிய நூல்: 'மஞ்சள் முற்றத்தின்' கதை

இன்னைக்குக் கொஞ்சம் நீளமான இழை. டீயோ காபியோ பக்கத்துல வச்சுக்கிட்டு பொறுமையா வாசிங்க.

1/
டாக்டர் கையெழுத்து மெடிக்கல் ஷாப்காரருக்கு மட்டும்தான் புரியும்னு ஒரு பேச்சு உண்டு. என் கையெழுத்தும் அந்த ரகம்தான். வீட்டுல மளிகை லிஸ்ட்டைக்கூட என்னை எழுதச் சொல்ல மாட்டாங்க. அப்படிப்பட்ட நான் இன்னைக்கு உலகத்தின் ஆக அழகான கையெழுத்துகளில் ஒன்றைப் பத்தி எழுதப் போறேன். அந்தக் கையெழுத்தில் எழுதப்பட்டது ஓர் ஆரோக்கிய நூல். அதனால எனக்கும் இதுல கொஞ்சம் உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

2/
அதுக்கு முன்னாடி, இதை ஏன் எழுதறேன்னு சொல்லிடறேன். சில மாதங்களுக்கு முன் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் கால் வீக்கத்தோட வந்தார். கிரியாட்டினின் 9-க்கு மேல். சர்க்கரை இல்லை, பிரஷரும் பெருசா இல்லை. துருவித் துருவிக் கேட்டதுல, உடம்பு தெம்புக்குன்னு ஒரு பொடியை ஒன்றரை வருஷமா சாப்பிட்டது தெரிஞ்சது. அவர் மனைவி அந்தப் பொடியோட வந்த தாளை எடுத்துக் காட்டினாங்க. நல்ல வழவழ தாள், பூ வேலைப்பாடு போட்ட ஓரம், அழகான எழுத்து. ஒரு பக்கம் மூச்சுப் பயிற்சி. மறுபக்கம் பொடி சாப்பிடற முறை. மேலே, 'ஆயிரம் ஆண்டு பழைமையான நூலில் உள்ளது'ன்னு ஒரு வரி.

3/
அவர் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டார். "மூச்சுப் பயிற்சி நல்லதுன்னு நீங்களே சொல்றீங்க டாக்டர். அது இந்தத் தாள்லதானே இருக்கு? ஒண்ணு உண்மைன்னா இன்னொண்ணு எப்படிப் பொய்யாகும்?" அன்னைக்கு எனக்குச் சரியா பதில் சொல்ல வரலை. டயாலிசிஸ் ஏற்பாட்டுல பேச்சு மாறிப்போச்சு. அந்தக் கேள்விக்கான பதிலை நான் கண்டுபிடிச்சது 1,600 வருஷத்துக்கு முந்தைய சீனாவில். வாங்க, போகலாம்.

4/
நூலின் பெயர் 'ஹுவாங்டிங் ஜிங்'. தமிழ்ல சொன்னா 'மஞ்சள் முற்றத்து நூல்'. தாவோ மார்க்கத்தின் முக்கியமான உடல்நலப் பயிற்சி நூல்களில் ஒன்று. வரிக்கு ஏழு எழுத்தாக ஓடும் செய்யுள் நடை. மனப்பாடம் பண்ணி முணுமுணுக்கத் தோதானது. இதுல ரெண்டு பாடங்கள் உண்டு. ஒன்று 'வெளிக்காட்சி', இன்னொன்று 'உட்காட்சி'. வெளிக்காட்சிதான் முந்தையதுன்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. உட்காட்சி 36 பகுதிகள் கொண்ட விரிவான பாடம்.

5/
அதென்ன மஞ்சள் முற்றம்? சீன மரபில் ஐந்து திசைக்கும் ஐந்து நிறம். நடுவுக்கு மஞ்சள், அது மண்ணின் நிறம். உடம்பில் அந்த நடு இடம் மண்ணீரல் பக்கம். நம்ம மொழியில அந்த உறுப்போட பேரிலேயே மண் இருக்கறது வேடிக்கையான ஒற்றுமை. ஒரு வீட்டுக்கு நடு முற்றம் எப்படியோ, உடம்புக்கு அந்த இடம். வெளிச்சம் விழுந்து, வீட்டு ஆட்களெல்லாம் கூடற இடம்.

6/
அந்த வீட்டில் யார் யார் குடியிருக்காங்க? இங்கதான் எனக்கு சுவாரசியம் தொத்திக்கிச்சு. உட்காட்சிப் பாடத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு தெய்வம். ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு பெயர். இதயத்துக்கு தான்யுவான். நுரையீரலுக்கு ஹாவ்ஹுவா. கல்லீரலுக்கு லோங்யான். சிறுநீரகத்துக்கு ஷுவான்மிங். மண்ணீரலுக்கு சாங்ட்ஸாய். அந்தப் பெயருக்கு 'எப்போதும் இருப்பவர்'னு அர்த்தம். பித்தப்பை, முடி, மூளை, கண், மூக்கு, காது, நாக்கு, பல் வரைக்கும் ஆள் உண்டு. பயிற்சி செய்யறவர் கண்ணை மூடி, உள்ளே பார்வையைத் திருப்பி, ஒவ்வொருத்தரையும் அவரவர் இடத்தில், அவரவர் நிற உடையில் மனசால பார்க்கணும். தெய்வம் வீட்டைவிட்டுப் போனா நோய். வீட்டிலேயே இருந்தா ஆரோக்கியம்.

7/
இதோட ரெண்டு பழக்கங்கள். ஒன்று, மூச்சை மெதுவா, ஆழமா தொப்புளுக்குக் கீழ் வரை கொண்டுபோறது. ரெண்டு, உமிழ்நீரை வாயில் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமா விழுங்கறது. வாய்க்கு இந்த நூலில் பெயர் 'பச்சைமணிக் குளம்'. எச்சிலுக்கு இப்படியொரு மரியாதையை நான் வேற எங்கேயும் பார்த்ததில்லை.

8/
ஒரு டாக்டரா நான் என்ன சொல்வேன்? இதயத்துக்குள்ள தெய்வம் உட்கார்ந்திருக்கறதை எக்கோவில் நான் பார்த்ததில்லை. ஆனா மெதுவான மூச்சு இதயத் துடிப்பைச் சீராக்கும், பதற்றத்தைக் குறைக்கும், சிலருக்கு ரத்த அழுத்தம் ஓரளவு இறங்கவும் உதவும். உமிழ்நீரில் மாவுச்சத்தைச் செரிக்கும் என்சைம் இருக்கு, கிருமியை எதிர்க்கும் புரதங்கள் இருக்கு. வாய் வறண்டவங்களுக்குப் பல் சீக்கிரம் சொத்தையாகும். உடம்பை உறுப்பு உறுப்பா கவனிக்கற தியானத்தை இன்னைக்கும் வலி சிகிச்சையில் சொல்லித்தர்றோம். அதனால மூச்சையும் எச்சிலையும் நம்பற ஒரு நூலால உங்களுக்குப் பெருசா கெடுதல் வரப்போறதில்லை. இதை மனசுல வச்சுக்கோங்க.

9/
உட்காட்சிப் பாடத்தோடு சேர்த்துப் பேசப்படற பெயர் ஒரு பெண்ணுடையது. வெய் ஹுவாட்சுன், 252-ல் பிறந்து 334-ல் மறைந்தவர். அமைச்சர் வீட்டுப் பெண். கல்யாணமாகி ரெண்டு பையன்கள். தாவோ சமூகத்தில் பூசைப் பொறுப்பு வகித்தவர். அவர் இறந்து 30 ஆண்டு கழித்து, 364 முதல், யாங் ஷி என்ற ஒருவருக்கு இரவுகளில் தெய்வ தரிசனங்கள் கிடைச்சதாம். வந்தவர்களில் வெய் அம்மையாரும் ஒருவர். யாங் ஷி கேட்டதையெல்லாம் எழுதி வச்சார். அவர் கையெழுத்தும் அருமையா இருக்கும். இதை அப்புறம் பார்ப்போம்.

10/
இப்ப நம்ம கதாநாயகர். வாங் ஷீஜி. 303-361. சீனக் கையெழுத்துக் கலையில் 'முனிவர்' பட்டம் இவருக்குத்தான். படைத்தலைவர் பதவி, குவாய்ஜி பகுதியின் ஆட்சிப் பொறுப்பு, பெரிய குடும்பம். குவாய்ஜின்னா இன்னைக்கு ஷாவ்ஷிங் நகரம். 355-ல் அரசாங்க வேலையே வேண்டாம்னு பெற்றோர் சமாதி முன்னாடி சத்தியம் பண்ணி விலகினார். அடுத்த வருஷம், 356-ல், ஐந்தாம் மாதம் 24-ஆம் நாள், ஷான்யின் என்ற ஊரில் மஞ்சள் முற்றத்து நூலின் வெளிக்காட்சிப் பாடத்தை எழுதி முடிச்சதா அந்தப் பிரதியின் கடைசி வரி சொல்லுது.

11/
எழுத்து ரொம்பச் சின்னது. சீனத்தில் 'சிறு திருத்த எழுத்து'ன்னு அந்த வகைக்குப் பெயர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள், 60 வரிசை. ஒவ்வொன்றும் விரல் நகத்துக்குள் அடங்கும். தூரிகை முனை ஒரு மயிரிழை தப்பினாலும் கோடு கெட்டுப்போகும். எழுதிப் பார்த்தவங்களுக்குத் தெரியும்: இதை எழுதணும்னா மூச்சைச் சீரா விடணும், முதுகு நிமிரணும், மனசு வேற எங்கேயும் போகக் கூடாது. அதாவது நூலில் சொன்ன பயிற்சியை, நூலை நகலெடுக்கும்போதே உடம்பு செய்ய ஆரம்பிச்சிடுது. பிற்காலத்தில் தலைமுறை தலைமுறையா இதைப் பார்த்து எழுதிப் பழகினாங்க.

12/
இந்தப் பிரதிக்கு ஒரு பிரபலமான கதை உண்டு. வாங் ஷீஜிக்கு வாத்துன்னா உயிர். நீளக் கழுத்து இருக்கற பெரிய வெள்ளை வாத்து. ஷான்யினில் ஒரு தாவோ துறவி அழகான வாத்துக் கூட்டம் வச்சிருந்தார். "விலைக்குத் தர மாட்டேன், நூலை உங்க கையால எழுதிக் கொடுங்க, மொத்தக் கூட்டத்தையும் ஓட்டிட்டுப் போங்க"ன்னார். இவரும் எழுதிக் கொடுத்துட்டு, கூண்டோடு வாத்துகளைத் தூக்கிட்டு சந்தோஷமா வீடு திரும்பினார்.

13/
எழுதிக் கொடுத்தது எந்த நூல்? 7-ஆம் நூற்றாண்டில் தொகுத்த 'ஜின் வரலாறு' தாவோ தே ஜிங்னு சொல்லுது. கவிஞர் லி பாய் ஒரு கவிதையில் மஞ்சள் முற்றம்னு பாடிட்டார். ஒரு பெரிய கவிஞர் பாடினா அப்புறம் யார் மாத்தறது? அந்தப் பிரதிக்கு 'வாத்துக்கு மாற்றிய நூல்'னே செல்லப் பெயர் வந்துடுச்சு. ஷாவ்ஷிங்கில் இன்னைக்கும் ஒரு வாத்துக் குளம் இருக்கு.

14/
வாத்து மேல ஏன் இவ்ளோ ஆசை? வழக்கமா சொல்ற காரணம், வாத்தின் கழுத்து வளையறதைப் பார்த்து மணிக்கட்டை எப்படி வளைக்கணும்னு கத்துக்கிட்டார்னு. அழகான விளக்கம். ஆனா வேற ஒரு விளக்கமும் இருக்கு. அதைச் சொல்றதுக்கு முன்னாடி, இவருடைய கேஸ் ஷீட்டைப் பார்க்கணும்.

15/
வாங் ஷீஜியின் கடிதங்கள் நிறைய நகல்களா நமக்குக் கிடைச்சிருக்கு. கையெழுத்துக்காகத்தான் அதையெல்லாம் பாதுகாத்தாங்க. ஆனா ஒரு டாக்டர் வாசிச்சா அது வெளிநோயாளிச் சீட்டு மாதிரி இருக்கும். உடம்பு முடியலை, சாப்பாடு இறங்கலை, வலி, தூக்கமில்லை. ஒரு கடிதத்தில், நண்பர் அனுப்பிய கல்பொடியைச் சாப்பிட்டதும் உடம்பு லேசாகிப் பறக்கற மாதிரி நடமாட முடியுதுன்னு சந்தோஷமா எழுதறார். பதவியை விட்ட பிறகு ஷூ மாய் என்ற தாவோ துறவியோடு சேர்ந்து மருந்துக் கல்லும் மூலிகையும் தேடி எவ்வளவு தூரமானாலும் போனார்னு வரலாறு சொல்லுது.

16/
அந்தக் காலத்து மேல்தட்டு மக்களிடம் ஒரு பொடி பரவியிருந்தது. 'ஐங்கல் பொடி', இன்னொரு பெயர் 'குளிர் உணவுப் பொடி'. படிகக்கல், சுண்ணாம்புக் குகையில் தொங்கற கல், செம்மண் களிமண், கந்தகம்னு பட்டியல் போகும். அதோட ஆர்சனிக் இருக்கற ஒரு கனிமமும் சேர்ந்திருக்கலாம்னு சில ஆய்வாளர்கள் சந்தேகப்படறாங்க. 249-ல் கொல்லப்பட்ட ஹே யான் என்ற அமைச்சர்தான் இதைப் பிரபலமாக்கினவர். சாப்பிட்டா மனசு தெளியுது, உடம்பு சுறுசுறுப்பாகுதுன்னார். பெரிய மனுஷர் சொன்னா ஊரே சாப்பிடும். சாப்பிட்டாங்க.

17/
சாப்பிட்டதும் உடம்பு உள்ளுக்குள்ள கொதிக்கும். அதைத் தணிக்க ஆறிப்போன சாப்பாடு, பச்சைத்தண்ணிக் குளியல், லேசான துணி, ஓயாம நடை. ஹுவாங்ஃபு மின்னு ஒரு பெரிய மருத்துவ அறிஞர், 215-282, ஊசி மருத்துவத்துக்கு அடிப்படை நூல் எழுதியவர். அவரே இந்தப் பொடிக்குப் பலியானவர். கடும் குளிர்காலத்தில் துணியைக் களைஞ்சுட்டு ஐஸைத் தின்னிருக்கார். வேதனை தாங்காம ஒரு தடவை கத்தியை எடுத்துட்டார். சித்திதான் தடுத்துக் காப்பாத்தினாங்க. தனக்குத் தெரிஞ்சவங்களுக்கு வந்ததையும் எழுதி வச்சார். ஒருத்தருக்கு நாக்கு தொண்டைக்குள் இழுத்துக்கிச்சு, ஒருத்தருக்கு முதுகில் கட்டி புரையோடிச்சு. இன்னைக்கு நாம 'பக்க விளைவு அறிக்கை'ன்னு எழுதறோமே, அதேதான் இது.

18/
இன்னொரு சாட்சி, நவீன சீன எழுத்தாளர் லூ சுன். அவரும் ஷாவ்ஷிங் காரர். ஜப்பானில் கொஞ்ச காலம் மருத்துவம் படிச்சவர். 1927-ல் குவாங்சோவில் பேசும்போது ஒரு விஷயத்தைப் போட்டு உடைச்சார். அந்தக் காலத்து அறிஞர்கள் தொளதொள அங்கியில் காத்தாட நடக்கற ஓவியங்களைப் பார்த்து நாம 'ஆஹா, எவ்வளவு சுதந்திர மனசு'ன்னு ரசிக்கிறோம். பொடி சாப்பிட்டதால தோல் எரிஞ்சு, இறுக்கமான துணி பட்டா உரிஞ்சுடும்னுதான் தொளதொள அங்கி போட்டாங்கன்னார். நாம நாகரிகம்னு நினைச்சது நோயின் அறிகுறி!

19/
'சீனாக்காரங்க இப்படியா ஏமாந்தாங்க'ன்னு யாரும் சிரிக்க வேண்டாம். 1786-ல் இங்கிலாந்தில் தாமஸ் ஃபவுலர்னு ஒரு டாக்டர் ஆர்சனிக் கரைசலை மருந்தாக்கினார். அதை நூறு வருஷத்துக்கும் மேல டாக்டர்களே தெம்பு மருந்தா எழுதிக் கொடுத்தாங்க. எங்க தொழிலும் இதுல சுத்தம் கிடையாதுங்க.

20/
இப்ப வாத்துக்கு வருவோம். சென் யின்க்கே என்ற பெரிய வரலாற்று அறிஞர் 1933-ல் எழுதிய கட்டுரையில் ரெண்டு விஷயம் சொன்னார். ஒன்று, தாவோ குடும்பங்களும் கையெழுத்துக் குடும்பங்களும் ஒண்ணா இருந்தது தற்செயல் இல்லை. புனித நூலையும் மந்திரத் தகட்டையும் நகலெடுக்க நல்ல கை தேவைப்பட்டது. ரெண்டு, பழைய மருந்து நூல்களில் வாத்து இறைச்சிக்கு ஒரு குணம் சொல்லியிருக்கு: கல்மருந்துகளால் உள்ளுறுப்பில் ஏறற விஷத்தை அது முறிக்கும். அதனாலதான் துறவி வாத்து வளர்த்தார், வாங் ஷீஜியும் ஆசைப்பட்டார்னு அவர் வாதம்.

21/
இதை எல்லா ஆய்வாளர்களும் ஏத்துக்கறாங்கன்னு சொல்ல மாட்டேன். வாத்துக் கறி ஆர்சனிக்கை முறிக்கும்னு சத்தியமா நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் காட்சியை மட்டும் நினைச்சுப் பாருங்க. மூச்சையும் எச்சிலையும் கவனிச்சாலே போதும்னு சொல்ற நூலை, உலகத்திலேயே அழகா ஒரு மனுஷர் எழுதறார். எழுதி முடிச்சதும், உடம்பில் ஏறின விஷத்துக்கு மாற்றா வாத்துக் கூண்டைத் தூக்கிட்டுப் போறார். 58 வயசில் மறைஞ்சார். மரணத்துக்குப் பொடிதான் காரணம்னு நான் சான்றிதழ் எழுத முடியாது. கேஸ் ஷீட் அந்த அளவுக்குப் போதாது.

22/
அவர் பிள்ளைகள் கதை இன்னும் வலிக்கும். மகன் வாங் நிங்ஜி 399-ல் அதே குவாய்ஜிக்கு ஆட்சியாளர். கிளர்ச்சிப் படை வருது. அதிகாரிகள் கோட்டையைப் பலப்படுத்தச் சொல்றாங்க. அவர் பூசையறைக்குள் போய் வேண்டிட்டு வெளியே வந்து, "பேய்ப்படை கேட்டிருக்கேன், வந்து காவல் காக்கும்"னார். யாரும் வரலை. பிள்ளைகளோடு கொல்லப்பட்டார். கிளர்ச்சித் தலைவரும் அதே தாவோ மார்க்கத்துக்காரர்தான். நிங்ஜியின் மனைவி ஷியே தாவ்யுன், அந்தக் காலத்தின் புகழ்பெற்ற கவிஞர். பேய்ப்படைக்குக் காத்திருக்காம கத்தியை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போய் எதிரிகளை வெட்டினாங்க. பிடிபட்டும் தைரியமா பேசிப் பேரனைக் காப்பாத்தினாங்க.

23/
கடைசி மகன் வாங் ஷியான்ஜி. அப்பாவுக்கு இணையான கையெழுத்துக்காரர். 386-ல் சாகக் கிடக்கிறார். நோய் வந்தா செஞ்ச பாவத்தை ஒப்புக்கணும்ங்கறது அவங்க மார்க்கத்து முறை. என்ன தப்பு பண்ணேன்னு கேட்டாங்க. "வேற எதுவும் நினைவில்லை, ஷி குடும்பத்துப் பெண்ணை விவாகரத்து பண்ணது மட்டும்தான் நினைவுக்கு வருது"ன்னாராம். அரச குடும்பத்தில் சம்பந்தம் வந்ததால் முதல் மனைவியைப் பிரிஞ்சவர். வார்டில் கடைசி நேரப் பேச்சுகள் எத்தனையோ கேட்டிருக்கேன். யாரும் பதவியைப் பத்திப் பேசினதில்லை.

24/
சரி, நம்ம பேஷன்ட் கேள்விக்கு வருவோம். ஒரே தாளில் இருக்கற ரெண்டில் எதை நம்பறது? இதுக்கு பதில் தந்தவர் தாவ் ஹோங்ஜிங், 456-536. இவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தாவோ குரு, மருந்தியல் அறிஞர், கையெழுத்து நிபுணர், மூணும் ஒருத்தரே. யாங் ஷி எழுதி வச்ச தரிசனக் குறிப்புகள் நூறு வருஷத்துக்கு மேல பல வீடுகளில் சிதறிக் கிடந்தது. இடையில் நிறையப் போலிகளும் சேர்ந்துடுச்சு. தாவ் ஊர் ஊரா போய்ச் சேகரிச்சு, ஒவ்வொரு தாளா கையெழுத்தைப் பார்த்து, இது யாங் ஷியின் கை, இது இன்னார் கைன்னு பிரிச்சு 499 வாக்கில் தொகுத்தார். பேரரசர் வு-வோடு வாங் ஷீஜி எழுத்துகளைப் பத்திக் கடிதத்தில் பேசிக்கிட்டவரும் இவர்தான். மஞ்சள் முற்றம் வாங் ஷீஜியின் பேர் பெற்ற எழுத்துகளில் ஒன்றுன்னு அதுல குறிப்பிடறார்.

25/
இதே மனுஷர் பழைய மருந்து நூலைத் திருத்தினார். பழைய நூலில் 365 மருந்து. பின்னாடி வந்த மருத்துவர்கள் சேர்த்ததில் 365 எடுத்துக்கிட்டார். மொத்தம் 730. எல்லாத்தையும் கலந்து ஒரே நூலா கொடுத்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அவர் என்ன பண்ணார் தெரியுமா? மூல நூல் வரிகளைச் சிவப்பு மையில் எழுதினார். பின்னால் சேர்ந்ததைக் கறுப்பு மையில் எழுதினார். வாசிக்கறவனுக்கு எது எங்கிருந்து வந்ததுன்னு கண்ணாலேயே தெரியணும். 1,500 வருஷத்துக்கு முன்னாடி!

26/
அடுத்த தலைமுறைகளில் மருத்துவர் சுன் சிமியாவ் வந்தார். மூச்சுப் பயிற்சி, உணவு, ஒழுக்கம் எல்லாத்தையும் மரியாதையோடு எழுதின தாவோ பக்தர். ஐங்கல் பொடி விஷயத்தில் மட்டும் ஈவு இரக்கமே இல்லை. விஷக்கொடியைத் தின்னாலும் தின்னு, இதைத் தின்னாதே. செய்முறை கையில் கிடைச்சா உடனே கொளுத்திடு, வச்சிருக்காதேன்னு எழுதினார். பழைமை மேல பக்தி உள்ளவர்தான். ஆனாலும் நோயாளியைப் பார்த்தவர்.

27/
பொடிகளின் கதை அதோட முடியலை. தாங் வம்சப் பேரரசர்களே ரசவாத மருந்து சாப்பிட்டு ஒருத்தர் பின் ஒருத்தரா போனாங்க. வூசோங் 846-ல், அடுத்து ஷுவான்சோங் 859-ல். இந்த ரெண்டு சாவுக்கும் நடுவில், 848-ல், ஒரு பெண் தனியா உட்கார்ந்து ஒரு சின்ன நூல் எழுதினாங்க. பெயர் ஹூ யின். மஞ்சள் முற்றத்து உட்காட்சியை அடிப்படையா வச்சு, உள்ளுறுப்பு ஒவ்வொண்ணுக்கும் ஒரு படம், அது கெட்டா என்ன அறிகுறி, அதுக்கு எந்த ஓசையோடு மூச்சை வெளியே விடணும், என்ன அசைவு செய்யணும், எந்த மாசம் எதைச் சாப்பிடக் கூடாதுன்னு வரிசையா எழுதினாங்க. அரண்மனை பொடி தேடிக்கிட்டு இருந்த காலத்தில், ஒரு பெண் யார் வேணா காசில்லாம செய்யக் கூடியதை எழுதி வச்சாங்க. உறுப்புக்கு ஓர் ஓசைன்னு ஆறு ஓசை மூச்சுப் பயிற்சி இன்னைக்கும் சீன அரசின் விளையாட்டுத் துறை ஏத்துக்கிட்ட உடல்நலப் பயிற்சிகளில் ஒன்று.

28/
வாங் ஷீஜி எழுதின அசல் தாள் என்னாச்சு? காணாம போச்சு. அவர் கையால எழுதின ஒரு தாள்கூட இன்னைக்கு உலகத்தில் இல்லைன்னுதான் நிபுணர்கள் சொல்றாங்க. நம்மகிட்ட இருக்கறது, பிரதியைக் கல்லில் செதுக்கி, மேல ஈரத் தாளை ஒட்டி, மைப் பொதியால தட்டி எடுத்த படிகள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. நகலின் நகலின் நகல். அது உண்மையிலேயே வாங் ஷீஜி கையா என்ற சந்தேகமும் அறிஞர்களுக்கு உண்டு.

29/
இருந்தும் யாரும் நிறுத்தலை. 1088-ல் கவிஞர் சு ஷி, மலைக்குத் திரும்பற ஒரு துறவிக்கு உட்காட்சியை முழுசா தன் கையால எழுதிக் கொடுத்தார். ஓவியர் லி கோங்லின் படம் வரைஞ்சு கொடுத்தார். யுவான் காலத்தில் ஜாவ் மெங்ஃபு எழுதினார், மிங் காலத்தில் ஜூ யுன்மிங் எழுதினார். 1886-ல் இந்தத் தெய்வங்களின் பெயர்களோடு மனித உடம்பையே மலை, ஆறு, உழவு மாடு, நீர்ச்சக்கரம்னு ஒரு நிலக்காட்சியா கல்லில் வெட்டி வச்சாங்க. பெய்ஜிங் வெண்மேகக் கோயிலைச் சேர்ந்தது அந்தக் கல். உடற்கூறு வகுப்பில் எனக்கு அந்தப் படத்தைக் காட்டியிருந்தா இன்னும் ரெண்டு மார்க் கூட வாங்கியிருப்பேன்.

30/
போன வாரம் அந்த பேஷன்ட் டயாலிசிஸுக்கு வந்தப்போ பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இந்தக் கதையைச் சொன்னேன். சிவப்பு மை, கறுப்பு மை வரைக்கும். சொல்லிட்டு, "உங்க தாள்ல மூச்சுப் பயிற்சி ஒரு கை எழுதினது, பொடி இன்னொரு கை எழுதினது. ஒரே மையில் அடிச்சதால ஒண்ணா தெரியுது. அழகா இருக்கறதால உண்மையா தெரியுது. அவ்ளோதான்"னேன்.

31/
அவர் கொஞ்ச நேரம் ட்யூபில் ஓடற ரத்தத்தையே பார்த்துட்டு இருந்தார். அப்புறம், "அப்ப மூச்சுப் பயிற்சியைத் தொடரலாமா டாக்டர்?"னு கேட்டார். தாராளமா செய்யுங்கன்னேன். மிச்சமிருந்த பொடியை அவர் மனைவி ஏற்கனவே என்கிட்ட கொண்டுவந்து கொடுத்துட்டாங்க. கிட்னி திரும்பி வருமான்னு கேட்டார். அதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்லை.

32/
ஆகவே சொந்தங்களே, உங்க வீட்டிலும் இப்படி ஒரு தாள் இருக்கலாம். வாட்ஸப்பில் ஒரு படமா வந்திருக்கலாம். பழைய நூல்னு சொன்னா உடனே கும்பிடவும் வேண்டாம், உடனே கிழிச்சுப் போடவும் வேண்டாம். இந்த வரி எங்கிருந்து வந்தது, இதைச் சாப்பிட்டவங்க என்ன ஆனாங்கன்னு ரெண்டு கேள்வி கேளுங்க. என்ன சேர்ந்திருக்குன்னு எழுதாத எந்தப் பொடியையும், அது எந்த மருத்துவ முறையோட பேரில் வந்தாலும், வாயில் போடாதீங்க. ஏற்கனவே சாப்பிட்டுக்கிட்டு இருந்தா உங்க டாக்டர்கிட்ட மறைக்காதீங்க; திட்டுவாரேன்னு பயப்படாதீங்க. ஒரு யூரியா, கிரியாட்டினின் டெஸ்ட் பார்த்துக்கோங்க.

மூச்சை மட்டும் மெதுவா விடுங்க. அதுக்கு யார் அனுமதியும் வேண்டாம்.